எட்டு என்று குத்திய சம்மட்டி

"இனிமே நீ சம்மட்டி தூக்கும்போதெல்லாம் நான் கையை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன்."

"எதுக்கு?"

"நழுவினா உன் முகத்துல விழாம என் கையில விழட்டும்னுதான்."

"நல்லா இருக்கே! கை உடைஞ்சா வெல்டிங் யார் பண்றது? நானா?"

"நீ பண்ணினாலும் பண்ணுவ. உன்னை நம்ப முடியாது."

"எத்தனை நாளைக்கு இப்படி நிப்பீங்க?"

"உனக்குப் பழகுற வரைக்கும்."

இரண்டு வருடத்துக்கு முன்னால், சம்மட்டி நழுவிக் கிழித்த புருவத்தில் மூன்று தையலோடு கட்டிலில் சாய்ந்திருந்த என்னிடம் என் கணவர் சொன்னது இது. அன்றைக்கு எனக்கு அது இனித்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்திய பிறகும் ஒரு மனிதர் உன் முகத்துக்குப் பதிலாக என் கை என்று சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? அந்த 'பழகுற வரைக்கும்' எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

நான் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, உதறி, அடுக்குவது என் வேலை. அதற்கும் சம்மட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஐந்து வருடத்துக்கு முன் பெய்த ஒரு மழையைச் சொல்ல வேண்டும். இருவரும் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். "அடுப்பை அணைச்சியா?" என்று அவர் கேட்டார். நான் ஏதோ முணுமுணுத்தேன். "என்ன?" என்று அவர் திரும்பினார். அவ்வளவுதான். சக்கரம் வழுக்கியது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு முகமெல்லாம் ரத்தம், வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு.

கட்டுப் பிரித்த அன்று என்னால் தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. எங்கள் மருத்துவமனையிலேயே இருந்த பிசியோதெரபிஸ்ட், "ஒரு சின்னச் சுத்தியலைக் காம்போட நுனியில பிடிச்சு மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுங்க" என்றார். வெல்டர் வீட்டில் சுத்தியலுக்கா பஞ்சம்? மூன்று மாதத்தில் ஆணி அடிக்கிற சுத்தியல் விளையாட்டுச் சாமான் போல ஆகிவிட்டது. அடுத்தது கொஞ்சம் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில், லாரி டயரைக் கிடத்திவைத்துப் பதினாலு கிலோ சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிக்கிற அளவுக்கு வந்தேன். சலவைக் கூடத்தில் யாருக்காவது பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள், அம்மா என்று கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறாள்.

டயர் அடிப்பது உடம்புக்கு. எனக்குப் பிடித்தது மற்றது. நீளக் காம்பின் அடி நுனியில் இரண்டு கை முட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடிக்க வேண்டும். கைகளை முன்னால் நீட்டிச் சம்மட்டியை விளக்குக் கம்பம் மாதிரி நேராக நிறுத்த வேண்டும். பிறகு மணிக்கட்டை மட்டும் மடக்கி, அந்த இரும்புத் தலையை மெல்ல மெல்ல நம் பக்கம் சாய்த்து, நெற்றியைத் தொடவைத்து, மறுபடி நிமிர்த்த வேண்டும். இதற்கு முத்தம் என்று பெயர். "அப்பாவைவிட இந்தச் சம்மட்டிதான் பயில்வானுக்கு அதிகமா முத்தம் குடுக்குது" என்று மகள் சொல்வாள். அவர் காது சிவந்துபோய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

முத்தச் சம்மட்டிகளை அவர்தான் செய்து தருவார். தடித்த குழாயை வெட்டி, ஒரு பக்கம் அடைத்து, உள்ளே ஈயக் குண்டுகளை நிரப்பி, மறுபக்கம் திருகு மூடி போட்டு, மூடியின்மேல் எடையை எண்ணாகக் குத்துவார். மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறி, போன மாதம் எட்டு வந்திருந்தது.

ஒவ்வொரு முறையும் அவர் கை வரும். கருகிய வாசனை அடிக்கும் தோல் கையுறைக்குள், என் நெற்றிக்கு இரண்டு விரல்கடை மேலே, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து நிற்கும். சம்மட்டியின் தலை இறங்கி அந்த விரல்களை லேசாகத் தொட்டதும், "போதும், தூக்கு" என்பார். இரண்டு வருடமாக என் நெற்றியில் இரும்பு படவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் கையுறையின் தையல்தான்.

எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லிவிட எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. "என்னங்க" என்று ஆரம்பிப்பேன். "என்ன?" என்று கேட்கும்போது அவர் முகம், விபத்து நடந்த அன்று மருத்துவமனை அவசரப் பிரிவு வாசலில் நின்ற முகம் ஆகிவிடும். உடனே நான், "டீ போடவா?" என்று கேட்டுவிடுவேன். அந்த இரண்டு வருடத்தில் அவர் குடித்த டீயில் பாதி அப்படி வந்ததுதான்.

இந்த நிலையில்தான் மகள் ஒரு காரியம் செய்தாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருக்கும் பழைய கிடங்கில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை சம்மட்டி முத்தப் போட்டி. என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துண்டுகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைவிட மோசம். சாப்பிடும்போது பாதியில் எழுந்து பட்டறைக்குப் போவார், எதையோ தொட்டுப் பார்ப்பார், திரும்பி வருவார். இறுகிக் கிடக்கிற போல்ட்டையே மறுபடி இறுக்கினார்.

"அப்பா, போட்டி அம்மாவுக்கா, உங்களுக்கா?" என்று மகள் கேட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் அந்த எட்டு கிலோவை என்கிட்ட குடு. மூடி கொஞ்சம் லூசா இருக்கு" என்றார் என்னிடம்.

மூடி லூசாக இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் மனிதருக்குப் பதற்றம், ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் நல்லது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அவர் ஒரு வீட்டுக்குக் கேட் பொருத்தப் போனார். நான் அரை நாள் வேலை முடித்து வந்ததும் மகள் போனை நீட்டினாள். "ஜிம் கோச் பேசினாங்க. எடை பாக்குறது இன்னைக்காம். ரெண்டு மணிக்குள்ள சம்மட்டியோட வரணுமாம்."

பழைய போர்வையில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். நடத்துநர் எட்டிப் பார்த்தார். "குழந்தை தூங்குதாக்கா?"

"தூங்குது. எட்டு கிலோ."

"நல்லா ஊட்டி வளக்குறீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கோச் முப்பது வயதுப் பெண். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கிடங்கின் சிமெண்டுத் தரையெல்லாம் டயர் தேய்த்த கறுப்பு வட்டங்கள். சுவரில் பெரிய கரும்பலகை, அதில் ஆட்களும் எடைகளும். போர்வையைப் பிரித்துச் சம்மட்டியைத் தராசில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன.

ஆறு கிலோ இருநூறு கிராம்.

அவள் மூடியில் குத்தியிருந்த எட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பத்துக் கிலோ இரும்புத் தட்டை எடுத்துத் தராசில் வைத்தாள். பத்து காட்டியது. மறுபடி சம்மட்டி. ஆறு இருநூறு.

"அக்கா, உங்க வீட்டுத் தராசு உங்களுக்கு ரொம்பச் செல்லம் குடுக்குது" என்றாள்.

பக்கத்தில் டயர் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். என் காதில் ரத்தம் ஏறும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஆறு இருநூறுன்னு எழுதிக்கவா? அதுவே பெரிய விஷயம்கா. இங்க எந்தப் பொண்ணும் அஞ்சைத் தாண்டினதில்ல."

"எட்டுன்னு எழுதுங்க."

"அக்கா..."

"நாளைக்கு எட்டாதான் கொண்டு வருவேன்."

அவள் சாக்பீஸை விரலுக்கிடையில் உருட்டினாள். "முகத்துக்கு மேல வர்ற சாமான். கோபத்துல எழுத வேணாம். இங்கயே ஒரு எட்டு கிடக்கு, தூக்கிப் பாக்குறீங்களா?"

வேண்டாம் என்றேன். முடியாமல் போனால் கை முடியவில்லையா, ஆத்திரத்தில் முடியவில்லையா என்று தெரியாது. வீட்டில் கேட்க வேண்டியதை முதலில் வீட்டில் கேட்க வேண்டும்.

"சரி. ஆறு மணி வரைக்கும் பலகையில உங்க இடத்தைக் காலியா வச்சிருக்கேன். போன் பண்ணிச் சொல்லுங்க. இன்னொண்ணு. மேடையில உங்களைச் சுத்தி ஒரு கை தூரத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. யாராவது கை வச்சா அந்த முத்தம் செல்லாது."

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். மடியில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வழியெல்லாம் ஒரே கேள்வி குடைந்தது. கேட் சட்டம் அரை மில்லிமீட்டர் பிசகினால் கழற்றி மறுபடி மாட்டுகிறவர் என் கணவர். அவர் கையில் இரண்டு கிலோ தவறுமா? தவறாது. அப்படியானால் இது தவறல்ல.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். கம்பிக்கட்டுகளை எடை பார்க்கிற கொக்கித் தராசு அங்கே உத்தரத்தில் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் ஒரு நாளும் அதில் என் சம்மட்டிகளை மாட்டிப் பார்த்ததில்லை. கட்டிய புருஷன் குத்திய எண்ணை எந்தப் பெண் தராசில் போட்டுப் பார்ப்பாள்?

ஒவ்வொன்றாக மாட்டினேன். டயர் அடிக்கிற பதினாலு, பதினாலேதான் இருந்தது. மூன்று, மூன்று. நான்கு, நான்கு. ஐந்து என்று குத்தியது நாலு இருநூறு; மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே மணல். ஆறு, நாலு தொள்ளாயிரம். ஏழு, ஐந்தரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உண்மை எடையைத் தரையில் சாக்பீஸால் எழுதி வரிசையாகக் கிடத்தினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் புரிந்தது. நான்கு கிலோவரை பொய் இல்லை. என் புருவத்தைக் கிழித்தது அந்த நான்கு கிலோதான். அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் குறைச்சல். அதுவும் முகத்துக்கு மேல் வருவதில் மட்டும். டயர்ச் சம்மட்டியில் ஒரு கிராம் குறைக்கவில்லை.

புரிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. பதினாலை எடுத்து டயரை அடிக்க ஆரம்பித்தேன். வலது, இடது, வலது, இடது. தகரக் கூரை அதிர்ந்தது. எத்தனை என்று எண்ணவில்லை.

"யாரு வீட்டை இடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். மணி நாலரை இருக்கும். தரையில் கிடந்த வரிசையைப் பார்த்தார். சாக்பீஸ் எண்களைப் பார்த்தார். தோளிலிருந்த கருவிப் பையை இறக்காமலே நின்றார்.

"ரெண்டு வருஷமா நான் மணலையா தூக்கிக்கிட்டு இருந்தேன்?" என்றேன்.

"முழுக்க மணல் இல்ல. பாதி மணல், பாதி ஈயம்."

"கலவை சொல்றாரு பாரு!"

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். வரிசையைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. "அப்பா! நீங்களா?"

"நீ உள்ள போம்மா."

"போக மாட்டேன். பேர் குடுத்தது நான்."

அவர் பையை இறக்கினார். பட்டறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நாலு அடி போவார், திரும்புவார், வழியில் கிடந்த ஸ்பேனரைக் குனிந்து எடுப்பார், வேறு இடத்தில் வைப்பார்.

"உக்காருங்க" என்றேன்.

"முடியல. நாலு நாளா முடியல. ஈயத்தை ரொப்பினா நாளைக்கு உன்னால தூக்க முடியாம போயிடும். ரொப்பலைன்னா எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும். எதைச் செய்யறதுன்னு தெரியாம நடந்துக்கிட்டே இருக்கேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? உன் முகத்துல ரத்தம் வந்தது ரெண்டு தடவை. முதல் தடவை நான் வண்டியில திரும்பினதால வந்தது. ரெண்டாவது தடவை நான் செஞ்ச சம்மட்டியால வந்தது. மூணாவது தடவையைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல." நடப்பதை நிறுத்திச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நிறுத்துன்னு சொல்லவும் மனசு வரல. அதைக் கையில பிடிக்கும்போதுதான் நீ சிரிக்கிற. அதான் எடையைக் குறைச்சேன்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். இந்த இடத்தில் நான் உருகிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். பாதி உருகத்தான் செய்தேன். அந்த விபத்துக்குப் பிறகு, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நான் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதவர் அவர். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான், "நீ அப்போ கேட்டியே, அது..." என்று ஆரம்பிப்பார். ஐந்து வருடமாக அப்படித்தான். மீதிப் பாதி உருக மறுத்தது.

"எனக்கு எவ்வளவு முடியும்னு எனக்கே தெரியாம பண்ணிட்டீங்களே" என்றேன். "சலவைக் கூடத்துல நான் எட்டு கிலோன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். பஸ்ல ஒருத்தர்கிட்டச் சொன்னேன். நான் யாருன்னு நெனச்சிருந்தேனோ, அந்த ஆள் ஆறு இருநூறுதான்."

அவர் குனிந்து அந்த எட்டு கிலோவை எடுத்தார்.

"ரொப்புங்க" என்றேன்.

"இப்பவா?"

"ஆறு மணிக்குள்ள கோச்சுக்குச் சொல்லணும். எட்டா, ஆறா, வர்றதே இல்லையான்னு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு சம்மட்டியைப் பட்டறை மேசையிலிருந்த வைஸ் பிடியில் பூட்டி மூடியைத் திருகினார். செய்தித்தாளில் மணல் கொட்டியது, சின்னக் குவியலாக. அலமாரியிலிருந்து ஈயக் குண்டு டப்பாவை எடுத்தார். டப்பாவைச் சாய்த்த வேகத்தில் குண்டுகள் சிதறித் தரையில் ஓடின. மகள் மண்டியிட்டுப் பொறுக்கிக் கொடுத்தாள். தராசில் மாட்டிப் பார்த்து, கழற்றி, இன்னும் ஒரு பிடி போட்டு, மறுபடி மாட்டினார். பழைய அரை மில்லிமீட்டர் மனிதர் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கடைசியில் இரண்டு விரலால் குண்டுகளை ஒவ்வொன்றாக விட்டார்.

"எட்டு. சுத்தமா எட்டு" என்று மகள் படித்தாள்.

ரப்பர் விரிப்பில் கால்களை அகட்டி நின்றேன். காம்பின் நுனியைப் பிடித்துத் தூக்கிய உடனே வித்தியாசம் சுண்டு விரலில் தெரிந்தது. இத்தனை நாள் பழகியவர் இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. மேலே நிறுத்தினேன். சம்மட்டித் தலை ஒரு முறை ஆடி அடங்கியது. மணிக்கட்டில் பழைய முறிவு இருந்த இடம் சூடாகியது. வலி இல்லை.

"பயில்வான், மணி அஞ்சே முக்கால்" என்றாள் மகள். அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

சாய்க்க ஆரம்பித்தேன். ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை. கூரையின் தகரம் மறைந்து, இரும்பின் வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதி வழி வந்திருப்பேன். கருகிய தோல் வாசனை மூக்கில் ஏறியது. அவர் எப்போது கையுறையை மாட்டினாரோ, எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் கை என் நெற்றிக்கு மேல் வந்து, உள்ளங்கை விரிந்து, வழக்கமான இடத்தில் நின்றது.

அதன்மேல் இறக்கிவிட்டு எட்டு என்று சொல்லிவிடலாம். பலகையில் எழுதிவிடுவார்கள். நாளைக்குப் பத்து மணிக்கு மேடையில், அந்தக் கை இல்லாத இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரியவரும். இல்லையென்றால் ஆறு இருநூறு என்றே எழுதச் சொல்லி, நாளைக்கும் தெரியாமலே திரும்பி வரலாம். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

மணிக்கட்டை நிமிர்த்தி மறுபடி தூக்கினேன். தலை மேலே போகப் போகத் தோளிலிருந்து விரல்வரை ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. நேராக நிறுத்தினேன். நின்றது.

"என்னங்க" என்றேன்.

"என்ன?"

கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அவசரப் பிரிவு வாசலில் பார்த்த அதே முகம். டீ போடவா என்ற வார்த்தை, பழக்க தோஷத்தில், உதடுவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"கையை எடுங்க."